ஓட்ட ஒருவர், துடைக்க ஒருவர்

மற்ற வீடுகளில் கார் ஓட்ட ஓர் ஆள் போதும். அந்த வீட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் கண்ணாடியைத் துடைக்க. ஸ்டீயரிங் கணவருடையது, துணி மனைவியுடையது. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. கட்டிலின் எந்தப் பக்கம் யாருக்கு என்பது எப்படித் தானாக அமைந்துவிடுகிறதோ, அப்படி அமைந்துவிட்டது. அமைந்து பதினாறு வருடம் ஆகிறது.

குளிர் தொடங்கிவிட்டால் போதும், வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் உள்ளே கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளுத்துவிடும். உடனே கணவர் கட்டளை போட ஆரம்பிப்பார்.

"என் பக்கம். இன்னும் மேல. வட்டமா தொடைக்காத, கோடு விழுது. நேரா இழு. ஆங், இப்ப அந்த ஓரம்."

மனைவி பெல்ட்டை முடிந்தவரை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, கையை நீட்டி, அவருக்கு எதிரே இருக்கும் கண்ணாடியைத் துடைப்பாள். தனக்கு எதிரே இருக்கும் கண்ணாடியை அவள் தொட்டதே இல்லை. ஓட்டுகிறவருக்குத் தெரிந்தால் போதாதா? அதனால் கடற்கரைக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. துணியில் எத்தனை ஓட்டை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். துணி, அவருடைய பழைய பனியன்.

இதில் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கணவருக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. தினமும் காலையில் புல்தரையில் நிற்கும் வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பம், ஈரம், பனிப்புள்ளி என்று வரிசையாக எழுதுவார். பனிப்புள்ளி என்றால் வேறொன்றுமில்லை. காற்றில் இருக்கும் ஈரம் எவ்வளவு குளிர்ந்தால் தண்ணீராகிப் புல்லிலும் கண்ணாடியிலும் வந்து உட்காரும் என்பதற்கான அளவு. இருபத்திரண்டு வருடமாக அதைத் துளிப் பிழையில்லாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து, ஆவி படிந்த காரில் ஏறி, "தொடை" என்பார். சொந்தக்காரர்கள் அவரை வானிலையார் என்றுதான் சொல்வார்கள். மொட்டைமாடியில் துணி காயப் போடலாமா என்று கேட்டால்கூட, "அறுபது சதவீதம் போடலாம்" என்பார். எந்த அறுபது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கண்ணாடி ஏன் இப்படி வெளுக்கிறது என்பதற்கான காரணம் காருக்குள்ளேயே, ரேடியோவுக்குக் கீழே இருந்தது. அங்கே ஒரு பொத்தான். அதன்மேல் ஒரு கார் படம், காருக்குள் வளைந்து திரும்பும் ஓர் அம்பு. அழுத்தினால் வெளிக்காற்று உள்ளே வராது. உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். கார் வாங்கிய முதல் மாதம் வானிலையார் அதை அழுத்தி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நான்கு அடுக்காக வெட்டி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டிக்குள் வெளிக்காற்று என்று ஒன்று, கதவைத் திறந்தால் ஒழிய, நுழைந்ததில்லை.

காரணம் இல்லாமல் ஒட்டவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. வீசிங் தொந்தரவு. ஒரு மதியம் பாலத்தின்மேல் போக்குவரத்து நின்றுவிட, முன்னால் நின்ற லாரியின் புகை முழுவதும் உள்ளே வந்தது. பின்சீட்டில் அம்மா மடியில் இருந்த குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வானிலையாருக்குக் கார் சாவியைக் கையிலிருந்து விடத் தெரியவில்லை. நர்ஸ்தான் விரல்களைப் பிரித்து எடுத்தாள். அடுத்த நாள் டேப் ஒட்டினார். மகளுக்கு ஏழு வயதில் வீசிங் போய்விட்டது. டேப் போகவில்லை.

மனைவிக்கு வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது. எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. பதினோரு வருடமாக எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. வலது முழங்கால் இப்போதெல்லாம் மாடிப்படியைக் கண்டாலே முனக ஆரம்பித்துவிடும். டாக்டர் சொன்னது ஒரே வரி: "உக்காந்து செய்யற வேலையா பாருங்க." சொல்வதற்கு அவருக்கென்ன, அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நிலையத்தின் டெலிவரி வேன் ஓட்டுகிறவர் மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போவதாகச் சொன்னார். இஸ்திரியக்கா நேராக முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

"அந்த வேல எனக்கு வேணும்மா. ஏத்தி எறக்க ஆள் இருக்கு. ஓட்டறது உக்காந்துதானே?"

முதலாளியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "ஒனக்கு ஓட்டத் தெரியுமாக்கா?"

"கோடையிலேயே கத்துக்கிட்டேன். டெஸ்ட் மட்டும் குடுக்கணும்."

"மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸக் கொண்டா, சாவியத் தரேன். கொண்டு வரலேன்னா என் மச்சினன் சும்மாதான் இருக்கான். அவனுக்கு லைசென்ஸ் இருக்கு, வேற ஒண்ணும் கெடையாது."

ஆக, இஸ்திரியக்காவுக்கு இது வெறும் அட்டை இல்லை, நாற்காலி. மீதி வாழ்க்கையை உட்கார்ந்து கழிப்பதா நின்று கழிப்பதா என்கிற கேள்வி.

அவள் நன்றாகவே ஓட்டுவாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தவரே வண்டியைப் பின்னால் எடுப்பதில் அவளை மெச்சினார். என்ன, கற்றுக்கொண்டது கோடையில், அவருடைய வண்டியில், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு. டெஸ்டுக்கோ அவரவர் வண்டியைக் கொண்டு வர வேண்டும் என்பது சட்டம். டெஸ்ட் வந்தது குளிர்காலத்தில்.

தேர்வு அதிகாரி ஒரு கல்லுளிமங்கன். "இடது", "வலது", "நிறுத்து" என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேச அவருக்குச் சம்பளம் கிடையாது என்று அலுவலகத்து வாசலில் நிற்பவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு மழை வேறு. நனைந்த கோட்டோடு வந்து உட்கார்ந்தார். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியதும் பேனாவால் அதைச் சுட்டிக் காட்டினார், ஏற்றிவிட்டாள். இரண்டாவது திருப்பத்துக்குள் முன்கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டது.

அப்போது நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை, அவள் கைதான் பொறுப்பு. பதினாறு வருடப் பழக்கம். கண்ணாடி வெளுத்தால் உடம்பு பக்கவாட்டில் சாயும், கை நீளும், அடுத்தவர் பார்க்க வேண்டிய கண்ணாடியைத் துடைக்கும். அப்படியே சாய்ந்தாள், நீட்டினாள், நேராக நாலு இழுப்பு, ஒரு கோடு விழாமல். அதிகாரிக்கு எதிரே இருந்த கண்ணாடி பளிங்காகிவிட்டது. அவர் அதன் வழியே, நடைபாதை தன்னை நோக்கி வருவதை மிகத் தெளிவாகப் பார்த்தார். வண்டி மெதுவாக ஏறி, ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வானிலையார் அந்தப் படிவத்தைச் செய்தி வாசிப்பது போல வாசித்தார். "தோல்விக்கான காரணம்: வாகனம் ஓடிக்கொண்டிருக்கையில் விண்ணப்பதாரரின் தலை அதிகாரியின் மடியில் இருந்தது."

மகள் நாற்காலியிலிருந்து விழாத குறை. "அம்மா! மடியிலயா?"

"மடியில இல்லடி. மடிக்கு மேல."

"எவ்வளவு மேல?"

"வாய மூடிட்டுத் தின்னு," என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறு டெஸ்டுக்குக் கிடைத்த தேதி, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால். அதில் கோட்டை விட்டால் வேன் மச்சினனுக்கு.

வானிலையார் களத்தில் இறங்கினார். மனைவி தோற்றது அவருக்கு நிஜமாகவே உறுத்தியது. உறுத்தினால் அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார், வீட்டுக்கு அதுதான் ஆபத்து. முதலில் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று பாதி உருளைக்கிழங்கை வைத்துக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். காய்ந்ததும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. "கஞ்சி போட்டு வச்சிருக்கீங்க. இஸ்திரி ஒண்ணுதான் பாக்கி," என்றாள் மனைவி. அடுத்தது ஷேவிங் கிரீம். அது பத்து நிமிடம் தாக்குப் பிடித்தது. பிறகு மூலைகளிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. வண்டி முழுக்க அவர் கன்னத்து வாசனை. மூன்றாவதாக, உப்பு நிரப்பிய சாக்ஸ் ஒன்றை முன்கண்ணாடி அடியில் வைத்தார். ஈரத்தை உறிஞ்சுமாம். உறிஞ்சவும் செய்தது. இரண்டே நாளில் ஊறிப் போய் வழிந்து, செத்த எலி மாதிரி கிடந்தது. அது தன்னுடைய சாக்ஸ் என்று கண்டுபிடித்த மகள் ஒரு நாள் முழுக்க அப்பாவோடு பேசவில்லை.

எதுவும் எடுபடாமல் கடைசியில் குற்றம் மனைவி மூக்கின்மேல் வந்து விழுந்தது.

"நீ ஓட்டும்போது பேசாத. பேசினா ஆவி வருது."

"மூச்சு விடலாமா?"

கொஞ்சம் யோசித்தார். "மூக்கால விடு. மெதுவா."

விஷயம் பிடிபட்டது சலவை நிலையத்தில். அந்த வாரம் குளிர் இன்னும் ஏறியிருந்தது. உலர்த்தும் அறையில் ஹீட்டர் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தும், ஆஸ்பத்திரி விரிப்புகள் பதினோரு மணிவரை காயவில்லை. முதலாளியம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இஸ்திரியக்கா காலை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். சுவரில் தண்ணீர் வழிகிறது. ஜன்னல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. உள்ளே வெந்நீர்ப் பானைக்குள் நுழைந்த மாதிரி புழுக்கம். அண்ணாந்து பார்த்தாள். மேலே காற்று வெளியேறும் வழியில் யாரோ தலையணை உறைகளைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள்.

"யார் வேல இது?"

"நான்தாங்க்கா," என்றார் அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர், கழுத்தில் மப்ளரோடு. "குளிர்காத்து நேரா பிடரியில அடிக்குது."

"சூடு மட்டும் வச்சா காஞ்சிடுமா? ஈரம் எங்கய்யா போகும், உன் சட்டைக்குள்ளயா?" ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி, சுருணையைப் பிடுங்கினாள். இரும்புத் தகடு படபடவென்று அடித்துக்கொண்டது. ஈரக்காற்று வெளியே போக, வெளியிலிருந்து வறண்ட காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அரை மணி நேரத்தில் ஜன்னல் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாசிக்க முடிந்தது.

அவள் சுருணையைக் கையில் பிடித்தபடி அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருடம்! அடைத்து வைத்த ஓட்டை, சுற்றிச் சுற்றி வரும் மூச்சு, வழியும் கண்ணாடி. "அட, கூறுகெட்ட மனுஷா!" என்றாள் உரக்க. மப்ளர்காரர் அது தனக்கு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

"ஏங்க, நீங்க தெனம் எழுதறீங்களே பனிப்புள்ளி, அது ஈரம் கூடக் கூட ஏறுமா, எறங்குமா?"

"ஏறும். இதென்ன திடீர்னு?"

"நம்ம ரெண்டு பேர் மூச்சும் காருக்குள்ளயே சுத்திட்டிருந்தா உள்ள ஈரம் கூடுமா, கொறையுமா?"

வானிலையார் காபியைக் கீழே வைத்தார். "அது வேற கணக்கு."

"என்ன வேற கணக்கு? இருபத்திரண்டு வருஷமா எழுதறீங்க. ஒரு நாளாவது எழுதினதப் படிச்சிருக்கீங்களா?"

மகள் இதற்குள் காரிலிருந்து வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து வந்திருந்தாள். வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பல்லால் கிழித்தாள். "அம்மா சொல்றதுதான் இருக்குப்பா. ஆவி படிஞ்சா வெளிக்காத்து வரணும், சூடு கண்ணாடி மேல அடிக்கணும். கூடவே ஏசியும் போடணுமாம். அது காத்துல இருக்கற ஈரத்த எடுத்துடுமாம்."

"குளிர்ல ஏசியா? எழுதினவன் எந்தப் பாலைவனத்துல உக்காந்து எழுதினானோ!"

"அப்ப அந்த டேப்ப எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்," என்றாள் மனைவி.

"அதத் தொடாத."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார், உடனே பார்வையைக் காபிக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பா, நான் போன வாரம் அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன்," என்றாள் மகள்.

"எங்க?"

"ரோட்டுல."

"வெளிக்காத்துலயா?"

"பின்ன, பாத்ரூமுக்குள்ளயா ஓடுவாங்க?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, இஸ்திரியக்கா தனியாகப் போய்க் காரில் உட்கார்ந்தாள். டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். கிழித்துவிட ஒரு நொடி போதும். ஆனால் நகம் நகரவில்லை. பாலம் வந்து நின்றது கண்முன்னால், லாரி, மடியில் கிடந்த நாலு வயது, அந்த உதடு. புருஷனைக் கூறுகெட்டவன் என்று திட்டியவளுக்கும் அதே பயம்தான். அவர் ஒட்டினார், அவள் பதினாறு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துக்கொண்டு வந்தாள். கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இறங்கும்போது தன்மேலேயே அவளுக்குக் கோபமாக வந்தது.

டெஸ்ட் நாளன்று வானிலையார்தான் வண்டியை அலுவலகம் வரைக்கும் ஓட்டினார். அவள் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த புதுத் துணி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நானே இஸ்திரி போட்டேன்."

விரித்துப் பார்த்தாள். மடிப்பு ஒன்று குறுக்கே ஓடியது, மூலையில் தீய்ந்த தடம். அவளிடம் வேலைக்கு வந்த யாராவது இப்படிப் போட்டிருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்திருக்கும். ஆனாலும் அதே மடிப்பில் திரும்ப மடித்து, டேஷ்போர்டின்மேல் வைத்தாள்.

"இந்தத் தடவ உன் பக்கத்த தொடை," என்றார். கதவைத் திறந்து இறங்கி, அலுவலகச் சுவரோரமாகப் போய், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்லுளிமங்கன் வந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு ஏறி, கதவோடு கதவாக ஒண்டி உட்கார்ந்து, எழுதும் அட்டையை மடிமேல் கேடயம் மாதிரி நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"இடது."

இடது திரும்பினாள். நன்றாகத்தான் திரும்பினாள். அடுத்த தெருவில் கண்ணாடியின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. மூக்கால் மூச்சு விட்டாள், மெதுவாக. பிரயோஜனமில்லை. மழைக்கோட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அதிகாரியும் மனிதர்தான், அவரும் மூச்சு விட்டார். கை துடித்தது. தோள் ஏற்கெனவே அவர் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. அதிகாரி அட்டையை இன்னும் உயர்த்தினார்.

இஸ்திரியக்கா இண்டிகேட்டரைப் போட்டாள். பின்கண்ணாடியைப் பார்த்தாள். ஓரமாக ஒதுங்கி, நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"சார், ஒரு நிமிஷம். கண்ணு தெரியாம ஓட்ட மாட்டேன்."

கட்டைவிரல் நகத்தை டேப்பின் ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் பாலம் வந்தது, நீல உதடு வந்தது. கூடவே நேற்றுக் காலை வாசலில் நின்ற மகளும் வந்தாள்: ஓடிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, வாயிலிருந்து புகை புகையாகக் குளிருக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, "பசிக்குதும்மா" என்று கத்திய தடிச்சி. இவளுக்கா வீசிங்? எடுத்தாள். பதினாறு வருடப் பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் குட்டி ஆரஞ்சு விளக்கு ஒன்று, இத்தனை காலமும் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. அழுத்தினாள். அணைந்தது. சூட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள், ஏசியைத் தட்டினாள், காற்றை முழுதாகத் திறந்தாள்.

முதலில் ஓர் இருமல் சத்தம். வண்டியிலிருந்துதான். பிறகு பதினாறு வருடமாகக் குழாயில் காத்துக்கிடந்ததெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியே வந்தது: தூசி, சருகுப் பொடி, பூச்சி இறக்கை, என்னவென்று சொல்ல முடியாத பஞ்சு. அத்தனையும், அவள் பக்கத்துத் துவாரம் கொஞ்சம் மூடியிருந்ததால், அதிகாரி முகத்துக்கு நேராக வந்தது. அவர் மூன்று முறை தும்மினார். மீசையில் ஒரு சருகுத் துண்டு உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா இது?"

பேசிவிட்டார்!

"வெளிக்காத்து சார்."

கண்ணாடி அடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. ஒரு விரல் உயரம், ஒரு சாண், பிறகு முழுக்க. அவர் பக்கமும் தெளிந்தது, அவள் பக்கமும் தெளிந்தது. யாரும் துடைக்கவில்லை. தெரு நனைந்து, கழுவிவிட்டது போல நீண்டு கிடந்தது. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள், தபால் பெட்டி ஒன்று நின்றது, தூரத்தில் சிக்னல் பச்சைக்கு மாறியது. அவள் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு ஏசி தேவையில்லை. கண்ணைச் சிமிட்டிவிட்டு இண்டிகேட்டரைப் போட்டுக் கிளம்பினாள்.

"வலது," என்றார் அதிகாரி, சருகோடு. வலது திரும்பினாள். பின்னால் எடுக்கச் சொன்னார். ஒரே வீச்சில் எடுத்தாள். அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சுவரோரத்தில் குடையோடு நின்ற கணவர் முகம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். டேஷ்போர்டின் மேலிருந்த துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். 'தேர்ச்சி.' குறிப்பு எழுதும் இடத்தில், 'பார்வை மறைந்ததும் ஓரம் நிறுத்திச் சரிசெய்தார்' என்று எழுதியிருந்தது. தூசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெருந்தன்மையான மனிதர். இறங்கப் போனவர் திரும்பினார்.

"அந்தத் துணிய நான் எடுத்துக்கலாமா?"

கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

வானிலையார் ஓட்டுகிற பக்கம் வந்து நின்றார். அவள் நகரவில்லை, படிவத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினாள். இரண்டு முறை வாசித்தார். மழையில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து தோள் நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு போய், அவளுடைய சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டைத் தேடினார். அந்தப் பக்கத்துப் பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"துணி எங்க?"

"ஆபீசர் எடுத்துக்கிட்டார்."

"அப்ப நான் எதால தொடைக்கறது?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பார்த்த இடத்தில் துடைக்க ஒன்றும் இல்லை. பார்வை மெல்ல ரேடியோவுக்குக் கீழே இறங்கியது. டேப் இருந்த இடத்தில் சதுரமாகப் பசைத் தடம். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

இரண்டு தெரு தாண்டியிருக்கும். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி வந்து முன்னால் ஏறிக்கொண்டது. மேட்டில் திணறி, கரும்புகையாகக் கக்கியது. அந்த நாற்றம் உள்ளே வந்ததும் வானிலையாரின் கை தானாகப் பொத்தானை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

"அழுத்துங்க," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குத்தானே பொத்தான் வச்சிருக்கான். லாரி போறவரைக்கும் அழுத்துங்க. போனதும் எடுத்துடணும், அவ்வளவுதான். டேப் கெடையாது."

அழுத்தினார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. லாரி முனகிக்கொண்டே மேடேறி, மூலையில் திரும்பிப் போயிற்று. கண்ணாடியின் ஓரம் லேசாக வெளுக்கத் தொடங்கியது. அவள் தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் குனிந்து, புகை கலைவதைக் கவனித்தார். தினமும் வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற அதே தோரணை.

"இப்ப எடுக்கலாமா?"

"வானிலை ஆபீஸ் நீங்கதானே. நீங்க சொல்லுங்க."

இன்னும் கொஞ்ச தூரம் போகவிட்டு, அவரே அழுத்தினார். விளக்கு அணைந்தது. மழையில் நனைந்த மண் வாசனையோடு காற்று உள்ளே வந்தது. மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்த்தார்.

"எழுபது சதவீதம் சுத்தம்," என்றார்.

மீதி முப்பதுக்காக, வீடு வரும்வரை விரலைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தார். வைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.